கோல்கீப்பருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ்

“ஸ்வீட் பாக்ஸ்ல கை வெக்காத மச்சான், அது கோல்கீப்பருக்கு.”

ரயில் பட்டாபிராமைத் தாண்டியிருந்தது. எனக்கு எதிர் சீட்டில் இருந்தவர் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“எந்த கோல்கீப்பரு?” என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

“நம்ம ஹாக்கி டீமுதான். போன சீசன்ல கடைசி எடம். சீசன் முடிஞ்ச லீவுல இன்னா பண்ணானுங்க? இருந்த ஒரே கோல்கீப்பர அனுப்பிட்டு, நாலு ஃபார்வர்டு எடுத்துகினு வந்துகீறானுங்க. கோல்ல யாரு நிப்பா?”

“அதுக்கு நீ இன்னா பண்ணுவ?”

“ஆவடில எறங்கி அவன் ஊட்டுக்குப் போறேன். வேற டீம்ல கையெழுத்து போடறதுக்குள்ள அவன கூட்டிகினு நம்ம டீம் செகரட்டரி ஊட்டு வாசல்ல நிப்பேன்.”

“நீ யாருன்னு அவன் கேட்டா?”

“கேக்க மாட்டான். மேட்சுக்கு மேட்சு கோல் போஸ்ட்டு பின்னாடி நின்னு கத்துன கொரலு அவனுக்குத் தெரியும்.”