நூற்றுக்கு முப்பத்தைந்து

கம்பியூட்டர் பெட்டிக்குள் மூன்று ஃபேன் சுற்றுகிறது என்பது அறுபத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதற்காம். டாக்டர் மிஸ், வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்த ஃபேன்களில் தொடங்கினால்தான் சரியாக வரும். நான் கொஞ்சம் அதிகம் பேசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் விஜயகலா உங்கள் வார்டில் ஆறாவது கட்டிலில் இருக்கிறாள். "நா மனசுல நெனைக்கிறது மாமிக்குக் கேக்குது மிஸ்" என்று அவள் உங்களிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் அதைச் சிங்களத்தில் நர்சுக்குச் சொன்னீர்கள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொடகவெலப் பக்கம். பிள்ளைக்காம்பராவில் முப்பத்தோரு வருடம் ஆயம்மாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் இருபது பிள்ளைகள் என் பொறுப்பு. ஏணையில் கிடக்கும் பிள்ளை பசிக்கு அழுகிறதா, வயிற்றுவலிக்கு அழுகிறதா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லுவேன். வீட்டுக்கு வந்தால் லயம், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள். லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால், இங்கே படுத்துக்கொண்டே கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுவோம். புருஷன் கை ஓங்கினால் ஆறு காம்பராவில் இருந்தும் சத்தம் போடுவோம். யார் வீட்டில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் தனிவீடு கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே செத்துப்போய்விட்டார். மகன் நிரோஷன் கட்டாரில். நானும் விஜயகலாவும்தான். கூரை வரைக்கும் கல் சுவர், அறைக்கு அறை கதவு. வந்த முதல் வாரம் காது செத்துப்போன மாதிரி இருந்தது.

விஜயகலா படித்த பிள்ளை. டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண அல்பம் செய்துகொடுப்பாள். அதற்காகத்தான் நிரோஷன் அந்தப் பெரிய கம்பியூட்டரை வாங்கிக் கொடுத்தான். அது அவள் அறையில் இருந்தது. எனக்குத் தமிழில் டைப் அடிக்கக் கற்றுத் தந்ததும் அவள்தான். என் விரலைப் பிடித்துப் பிடித்துக் காட்டுவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. இதை இப்போது அடிப்பதும் அவள் கற்றுக்கொடுத்தபடிதான்.

பின்னேரம் வேலை முடிந்ததும் கம்பியூட்டரை நிறுத்துவாள். வெளியே தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய அக்கா சுகந்தினிக்குப் போன் எடுப்பாள். சுகந்தினி எஹலியகொடையில் கார்மென்ட்டில் வேலை செய்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலை சீவிக்கொண்டே ஒரு மணித்தியாலம் பேசுவாள். கதவுக்கு வெளியே எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

நிரோஷனுக்கு அனுப்புவதற்காகக் கம்பியூட்டரில் குரல் பதிவுசெய்யும் வழியை அவனே எனக்குக் காட்டித் தந்திருந்தான். அவள் குளிக்கப் போன நேரம் அதைப் போட்டுவிட்டு, திரையை மட்டும் அணைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். ஆனால் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் உள்ளே போனதுமே, "அனே, இத நிப்பாட்ட மறந்துட்டேன் போல மாமி" என்றாள். நிறுத்திவிட்டாள். பதிவான கொஞ்ச நேரத்திலும் தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஃபேன் இரைச்சல்தான்.

அந்த இரைச்சலால் அவளுக்கும் தலைவலி இருந்தது. பொய் சொல்லவில்லை. அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் இரண்டு பேருமாக த்ரீவீலில் பெட்டியைத் தூக்கிப்போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனோம். முக்தார் முதலாளி கம்பியூட்டர் திருத்துகிறவர். போட்டுப் பார்த்தவுடன் சிரித்தார்.

"என்னம்மா, தேயில ஃபெக்டரிய வீட்டுக்குள்ள வெச்சீக்கிறீங்களா?"

"மாமிக்குப் பழைய ஞாபகம் வரட்டும்னுதான்" என்றாள் விஜயகலா.

"நா எங்கடி ஃபெக்டரியில வேல செஞ்சேன்? நா புள்ளகள ஆட்டுனவ" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

பெட்டியைத் திறந்து தூசு தட்டினார். பிறகு, கம்பியூட்டர் எழும்பும்போதே ஒரு பட்டனை அமத்தி, ஒரு நீலப் பக்கத்துக்குள் போனார். மூன்று ஃபேனும் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும்படி இருந்ததாம்.

"இவ்வளவு வேகம் தேவல்ல. பாதிக்குக் கொறச்சாலும் காத்து போகும். சத்தம் நல்லாவே கொறயும். சூடு அறுவதத் தாண்டினா தானா வேகம் கூடுற மாதிரி வெச்சீக்கிறேன். பயப்பட வேணாம்."

"இன்னுங் கொறைக்கலாமா மொதலாளி?" என்று கேட்டேன்.

"கொறைக்கலாம். ஆனா ஒரேயடியாக் கொறச்சா, போட்டவொடன ஃபேன் சுத்தத் தொடங்காது. தெணறும். அத மட்டும் பாத்துக்கோங்கோ."

நீலப் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று அவரிடமே இரண்டு தரம் செய்து பார்த்துக்கொண்டேன். "மருமகளவிட நீங்க கெட்டிக்காரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். நூற்றுக்கு நாற்பது. பிறகு முப்பது. முப்பதில் பின்னால் இருந்த ஃபேன் நடுங்கிக்கொண்டு நின்றது. முப்பத்தைந்தில் வைத்தேன். மூன்றும் சுற்றின. பெட்டியில் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். விஜயகலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் மாமி நிம்மதியா இருக்கு" என்றாள். பெட்டி ஓடுவதைக் காட்டும் பச்சை வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் மேல் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அன்று அவள் குளிக்கப் போனதும் மறுபடி பதிவைப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அவள் குளிக்கும் நேரத்தில், முந்திய நாள் பேச்சைக் காதில் மாட்டிக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவு. சீப்பு முடிக்குள் போகும் சத்தம்கூடக் கேட்டது. லயத்தில் இருந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் சுகந்தினி சொன்னாள்: "இங்க ஒரு ஸ்டூடியோவுல ஆள் கேக்குறாங்க. என்னோடயே தங்கலாம். நிரோஷன் வர இன்னும் ரெண்டு வருஷம். அதுவர அந்தக் கெழவிக்குக் காவலா இருக்கப் போறியா?"

"நா டவுனுக்குப் போனாலும் கூட வர்றாங்கக்கா. பீலிக்குப் போனா எத்தன மணிக்கு வருவன்னு கேக்குறாங்க. மூச்சு முட்டுது. ஆனா கேட்டா விடமாட்டாங்க."

"புதன்கெழம பிரஷர் கிளினிக்குக்குப் போவாங்கதானே? அப்ப வேன் கொண்டாறேன்."

புதன்கிழமை நான் கிளினிக்குக்குப் போகவில்லை. வேறொன்றும் செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். வேன் வந்தது. சுகந்தினிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்தது, நிரோஷனிடம் அனுமதி கேட்பதாக இருவரும் பேசினார்கள். விஜயகலா அவனுக்குப் போன் எடுப்பதற்கு முன் நான் எடுத்தேன். அவன் என் பிள்ளை. அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டான்.

அதற்கும் அடுத்தது அடையாள அட்டை. அல்பப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதாகவும் அக்காவிடம் சொன்னாள். அட்டையை நான் எடுத்துப் பத்திரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினாள். "எஹலியகொடைக்குப் போக வேணாம் மகள்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சொன்னா மாமி?"

ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? சாமி மேல் போட்டேன். "மாரியாயி சொன்னா" என்றேன். "ஒம் மனசுல ஓடுறது எல்லாம் எனக்குக் கேக்குதுடி."

அந்த வார்த்தை நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அவள் போனில் குரலைத் தாழ்த்தினாள். நான் அதையும் அடுத்த நாள் சொன்னேன். பிறகு அக்காதான் காட்டிக்கொடுக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, அவளோடு சண்டை போட்டு, போன் எடுப்பதையே விட்டுவிட்டாள். அப்போதும் தனியாக முணுமுணுத்ததை நான் சொன்னேன். அதோடு, கேட்பது மனசுதான் என்று முடிவுசெய்துவிட்டாள். நனைந்த துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தாள். நினைப்பு வெளியே வராமல் இருக்கவாம். அல்பத்தில் ஒரு மாப்பிள்ளையின் தலையை வேறு பெண்ணின் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஸ்டூடியோக்காரர் வேலை தருவதை நிறுத்தினார்.

பக்கத்து வீட்டு மூக்காயி வந்து சத்தம்போட்டாள். "ஏய், ஒம் மருமகளுக்குப் பிஸ்ஸு புடிச்சிருக்கா? பீலியில கொடம் நெறைஞ்சு வழியுது, அவ பாட்டுக்கு நிக்கிறா. கூப்புட்டா, 'பேசாத, மாமிக்குக் கேக்கும்'ங்கிறா. நீ என்னா, போன் டவரா?"

கடைசிப் பதிவில் பேச்சே இல்லை. "நெனைக்கக் கூடாது, நெனைக்கக் கூடாது" என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதை நான் முழுதாகக் கேட்டேன். நடுவில் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டை நிறுத்தியதால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

அவள் மனசு எனக்குக் கேட்பதாக நான் எப்போதாவது அவளிடம் சொன்னதுண்டா என்று நீங்கள் கேட்டபோது, இல்லை என்றேன். அது பொய். நான் சொன்ன பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சுகந்தினி வந்து, தங்கச்சியை எஹலியகொடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று உங்களிடம் சொன்னதைக் கேட்டேன். நோயாளியை யாரிடம் விடுவது என்று செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். அதனால்தான் உண்மையை எழுதுகிறேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை மிஸ். அவள் சொன்னது சரி. எனக்குக் கேட்டது. நாற்பத்தொரு பதிவு இருக்கிறது. வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறேன். நோய் இல்லாத பிள்ளைக்கு மருந்து எதற்கு? அக்கா வீடு எதற்கு? நல்ல பிள்ளையைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதுதானே முறை?

நேற்று அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, நா இப்ப ஒன்னுமே நெனைக்கிறதில்ல" என்றாள். முகம் அவ்வளவு அமைதி. என் கையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அப்படி என்னை நம்பியதில்லை. அதனால் ஒரே ஒரு உதவி. நான் எழுதியதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுபடியும் குழம்பிவிடுவாள்.