ஏரிக்குப் போன பாசி

எனக்குக் காலையில் எழுந்து வேலைக்குப் போவதென்றால் அவ்வளவு பிடிக்கும். இதைச் சொன்னால் என் மனைவிதான் சிரிப்பாள் என்று நினைத்தேன், நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் சார், ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பு. அந்த நீரில் ஈயம் கலந்திருக்கும். ஆறு கண்ணாடித் தொட்டிகளில் நுண்பாசி வளர்த்து, அதற்குள் நீரை விடுவோம். தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடிசுகள் ஈயத்தை உறிஞ்சித் தம் உடம்பில் வைத்துக்கொள்ளும். லீவு கேட்காது, சங்கம் வைக்காது. அந்த ஆலையில் ஒழுங்காக வேலை பார்த்தது அவை மட்டும்தான், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் அவற்றோடு பேசுவேன். மேகம் போட்டால் விளக்கைக் கிட்டே நகர்த்தி வைப்பேன். வீட்டில் ஒரே பொருமல்.

"கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது சாப்டியான்னு கேட்டிருக்கீங்களா? பாசிக்கு மட்டும் வேளாவேளைக்கு உபசாரம்."

அப்படி உழைத்த பாசிக்கு ஆலை செய்த மரியாதையைக் கேளுங்கள். பத்தாம் நாள் துணியில் வடிகட்டி, பிழிந்து, காயவைத்து, பீப்பாயில் அடைத்துக் கான்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டும். முதல் தடவை பிழிந்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. மேலாளரிடம் போய் நின்றேன்.

"எங்கயாவது நல்ல தண்ணியில விட்டுடலாமே சார்?"

"யோவ், உனக்கென்ன கிறுக்கா? அது செத்தா, உறிஞ்சின ஈயத்தை எல்லாம் திரும்பக் கக்கிடும்யா."

கக்கட்டுமே. கைக்குழந்தை பால் கக்கினால், அதற்காகப் புதைத்தா விடுகிறோம்?

அதனால் பீப்பாய்களில் காய்ந்த புல்லை அடைத்து முத்திரை வைத்தேன். பாசியைக் கேன்களில் ஊற்றி, ஸ்கூட்டரில் கட்டி, ஊருக்கே குடிநீர் தரும் ஏரிக்குக் கொண்டுபோனேன். ஒளிந்து மறைந்து அல்ல, பட்டப்பகலில். ஏரிக் காவலாளியே ஒரு கை கொடுத்து இறக்கினார்.

"என்னண்ணே இது, பச்சைப்பசேல்னு?"

"மீனுக்குத் தீனி தம்பி."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே."

இப்படிப் பதினான்கு மாதம். தண்ணீரில் அவை விரிந்து போவதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். ஓய்வு பெற்றவர்களை வழியனுப்பிய நிம்மதி.

நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு பேர். வயிற்றுவலி, சோகை, படித்தது மண்டையில் நிற்பதில்லை என்கிறீர்கள். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்ததை மறக்க என் காலத்தில் எங்களுக்கு ஈயம் தேவைப்பட்டதில்லை. இறந்துபோன அந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள் அல்லவா?

ஆமாம், ஊற்றியது நான்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. அந்தத் தண்ணீரால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனதார நம்பினேன். என் மகள் வாயும் வயிறுமாக எங்களோடுதான் இருக்கிறாள், ஏழு மாதம். அவளை ஒரு நாள்கூட நான் குழாய்த் தண்ணீர் குடிக்க விட்டதில்லை, கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர்தான். அது சும்மா, ருசிக்காக.