பக்கத்து அறைச் சத்தம்

நள்ளிரவு தாண்டிய நேரம். உப்பிலியபுரத்திலிருந்து பச்சைமலை அடிவாரத்துக்குப் போகும் சாலை. மழை வேறு... ஆள் நடமாட்டமே கிடையாது. அந்தச் சாலையோரம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இது நடந்தது. இதோ உட்கார்ந்திருக்கிறாளே ஷஹனாஸ், இவளுடைய அக்கா சுராயாவுக்கு. அன்றைக்கு நைட் டியூட்டி நர்ஸ் அவள்தான். வலிப்பு வந்த ஒரு கர்ப்பிணியோடு டாக்டர் ஆம்புலன்சில் துறையூர் போயிருந்தார். மிச்சம் இருந்தது சுராயாவும் ஆயா லூர்துராணியும்தான்.

அந்த நேரத்தில் வீரமலை என்கிறவர் தன் மனைவி மயிலம்மாளைச் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே படுக்க வைத்த கையோடு குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

அழவில்லை.

நீலம் பாரித்து, கை கால் துவண்டு... சுராயா சூடான துணியால் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தாள். ம்ஹும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லூர்துராணி செல்போன் வெளிச்சம் பிடித்தாள். சுராயா குழந்தையின் தலையை லேசாக நிமிர்த்தி, குட்டி முகமூடியைப் பொருத்தி, அம்பு பேக்கை அமுக்கினாள். கையால் அமுக்கி மூச்சுக்காற்று கொடுக்கிற பை அது. பயிற்சியில் பொம்மைக்குக் கொடுத்ததுதான். உயிருள்ள குழந்தைக்கு இதுதான் முதல் தடவை. பயத்தில் படபடவென்று வேகமாக அமுக்கினாள். குழந்தையின் நெஞ்சு எழும்பவே இல்லை.

“பிள்ள ஏன் சத்தம் போடல சிஸ்டர்?” என்றாள் மயிலம்மாள்.

சுராயா இன்னும் வேகமாக அமுக்கினாள்.

அப்போதுதான் கேட்டது. பக்கத்து அறையில்... புஸ்ஸ்... கொஞ்சம் இடைவெளி... புஸ்ஸ்... யாரோ அம்பு பேக் அமுக்குகிறார்கள். நிதானமாக. பதற்றமே இல்லாமல். தான் அவசரப்படுவது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முகமூடியை எடுத்துச் சரியாகப் பொருத்தினாள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அமுக்கினாள். நெஞ்சு எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது... உதடு சிவந்தது. குழந்தை முகத்தைச் சுளித்து, வீறிட்டு அழுதது.

தாயின் நெஞ்சில் போட்டுப் போர்த்தினாள். அழுகை அடங்கியது.

பக்கத்து அறையில் மட்டும்... புஸ்ஸ்... புஸ்ஸ்...

அங்கே யார் என்று கேட்டாள். லூர்துராணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அது பழைய பிரசவ ரூமு. பூட்டியே கிடக்கு. போகாதீங்க சிஸ்டர்.”

சுராயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கேயும் ஒரு குழந்தை மூச்சில்லாமல் கிடந்தால்? சாவியைத் தேடி எடுத்துத் திறந்தாள். சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே டெட்டால் வாடை... ஈரத்துணி வாடை... ஆள் இல்லை. தூசி படிந்த மேசைமேல் ஒரு பழைய அம்பு பேக், ரப்பர் வெடித்துக் கிடந்தது. செல்போன் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள். முகமூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மறைந்தது.

பிறகு... மறுபடி படிந்தது.