வருகிற லைன்

செல்ஃபி எடுத்தபோது ரயில் மோதி வாலிபர் பலி என்று பேப்பரில் போட்டிருந்தது தப்பு, மேடம். நியாஸ் செல்ஃபி எடுக்கிற ஆள் இல்லை. அவன் போனைத் திறந்தால் எஞ்சின் எஞ்சினாக வரும், அவன் முகம் ஒன்றுகூட இருக்காது. யாராவது இதைத் திருத்துவார்கள் என்று நானும் பார்த்தேன். ஒருவரும் திருத்தவில்லை. அதனால்தான் கடையில் லீவு சொல்லிவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிராங்கிளின். பிளக்ஸ் அடிக்கிற கடையில் டிசைன் வேலை. அன்றைக்குத் தண்டவாளத்து ஓரத்தில் வைத்து நீங்கள்தான் என்னை விசாரித்தீர்கள். பாவம், சின்னப் பையன், பயந்து போயிருக்கிறான் என்று தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தீர்கள். அன்றைக்குச் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் நிஜம். அந்த ஒன்றைத்தான் இப்போது சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் புரியும்.

எங்களை ஊரில் கிறுக்குப் பயல்கள் என்பார்கள். லீவு விட்டால் பிள்ளைகள் கொடைக்கானல் போகும், சினிமா போகும். நாங்கள் ரயில் பார்க்கப் போவோம். நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காத வெயிலில், வடமதுரைக்கு இந்தப் பக்கம் முருங்கைத் தோட்டத்து ஓரமாகக் கேமராவோடு நிற்போம். எந்த எஞ்சின் எந்த ஊரைச் சேர்ந்தது, எது புதிது, எதைப் பழசு என்று கழிக்கப் போகிறார்கள், இதுதான் பேச்சு. இதில் என்னடா கிடைக்கிறது என்று எங்கள் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். என்ன கிடைக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியாது. வண்டி கடந்து போனதும் நெஞ்சுக்குள் ஒரு நிறைவு வரும், அவ்வளவுதான்.

ரயில் ஹாரன் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். நாங்கள் கையைத் தூக்குவோம். கேமராவோடு நிற்கிற பையன்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பிரியமான டிரைவர்கள் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார்கள். அது அவர்கள் எங்களுக்கு வைக்கிற வணக்கம். பதிலுக்குக் கையைத் தூக்காவிட்டால் மரியாதை இல்லை. பழகிவிட்டால் கண் கேமராவிலேயே இருக்கும், கை தானாக மேலே போய்விடும்.

நிற்கிற இடத்துக்கும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. திண்டுக்கல்லில் இருந்து போகிற வண்டிகளுக்கு ஒரு லைன், வடமதுரைப் பக்கம் இருந்து வருகிற வண்டிகளுக்கு ஒரு லைன். நாங்கள் வடமதுரையைப் பார்த்தபடி, வருகிற லைன் ஓரமாகத்தான் நிற்போம். அதில் எது வந்தாலும் முகத்துக்கு நேரே வரும், பார்த்து விலகிக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் வருகிற வண்டி எப்போதும் அடுத்த லைனில் போய்விடும். தண்டவாளத்துப் பக்கம் போவதே குற்றம் என்று சொல்வீர்கள். சரிதான், மேடம். ஆனால் அதிலும் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான். நியாஸுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அவன் பேகம்பூர்ப் பையன். அவன் அத்தா சௌகத் அலிக்குத் தோல் வியாபாரம். முதன்முதலில் அவன் எங்களோடு வந்தபோது எஞ்சினுக்கும் பெட்டிக்கும் மேல் எதுவும் தெரியாது. நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். என் டிபனில் பாதி அவனுக்கு, அவன் வீட்டு நோன்புக் கஞ்சியில் பாதி எனக்கு. அவனைப் பெற்ற தாஹிரா அம்மா எனக்கென்று தனியாகத் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவனை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன கோடையில் ஒரு காரியம் நடந்தது. நாங்கள் நாள் கணக்காகக் காத்திருந்த ஒரு எஞ்சின் வந்துகொண்டிருந்தது. அதே நேரம் செம்மறிக் குட்டி ஒன்று தண்டவாளத்துக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. நியாஸ் கேமராவை அப்படியே ஜல்லியில் போட்டுவிட்டு ஓடினான். குட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் உருண்டான். வண்டி போய்விட்டது. அவனுக்குப் படம் இல்லை, லென்ஸில் கீறல் வேறு. நான் என் இடத்தை விட்டு அசையவில்லை. எனக்குப் படம் கிடைத்தது. ஒரு ஆட்டுக்குட்டிக்காக இப்படி ஒரு படத்தை விடுவார்களா என்று அவனைத் திட்டினேன்.

அந்த டிரைவர் அதைப் பார்த்திருக்கிறார். நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நியாஸ் நின்றால் ஹாரன். அவனோடு நான் நின்றாலும் ஹாரன் அவனுக்குத்தான். நான் தனியாக நின்றால் வண்டி பேசாமல் போகும். நான் ஏழாம் வகுப்பில் இருந்து அந்த வெயிலில் நிற்கிறவன். எனக்கு வலித்தது, மேடம். இந்தச் சின்ன விஷயத்துக்கா என்று உங்களுக்குத் தோன்றும். வெளியில் சொன்னால் எனக்கும் சின்னதாகத்தான் கேட்கிறது.

அன்றைக்குக் கோடைச் சிறப்பு ரயில் ஒன்றைப் பழைய டீசல் எஞ்சின் ஒன்று இழுத்து வருவதாகச் செய்தி. கழிக்கப் போகிற எஞ்சின். இனி இந்தப் பக்கம் வராது. நியாஸும், காலேஜ் பையன் சிவபிரகாஷும் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் என் அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ரயில்வே கேட்டுக்குப் போனேன். ஏஞ்சலின் அக்கா அங்கே கேட் கீப்பர், உங்களுக்குத் தெரியும்.

அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏலே, போற லைன்ல வேலை நடக்குது. ரெண்டு பக்கத்து வண்டியும் இன்னைக்கு வர்ற லைன்லதான். முதல் வண்டி மெதுவா போயிருச்சு, இனி எல்லாம் வேகமா வரும். போட்டோ புடிக்கிற பயலுக அந்தப் பக்கம் நின்னா மொத வேலையா சொல்லிப்புடு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லத்தான் போனேன். வரப்பு மேல் நடக்கும்போதுகூட எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். நியாஸ் வழக்கமான இடத்தில் வருகிற லைன் ஓரமாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் சிறுமலை, கீழே செண்டுமல்லிக் காடு, நேரே தண்டவாளம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வாடா, ஒன் எடம் இது. நீ நில்லு, நான் தள்ளிக்கிறேன்" என்றான்.

அவன் மட்டும் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் லைன் விஷயத்தைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் இடத்தை எனக்கே பிச்சை போடுவது மாதிரி இருந்தது. அவன் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படி நினைக்கத் தெரியாது. "இல்லடா, நீயே நில்லு" என்றேன். உன்னையும் சேர்த்து ஒரு படம் எடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. என்னைய எதுக்குடா என்று சிரித்தான்.

சிவபிரகாஷ் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனை அக்கா கேட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. அவன் ஒரே பிள்ளை, மேடம். அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

பிறகு நான் கரையை விட்டு இறங்கி, நியாஸுக்கு முன்னால் கொஞ்ச தூரம் போய், அவன் படத்துக்குள் விழாதபடி ஒதுங்கி நின்றேன். வடமதுரை ஸ்டேஷன் பக்கம், கானல் நடுவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. லைட்டு தெரியுதுடா, வந்துருச்சு என்று நியாஸ் குரல் கொடுத்தான். டீசல் எஞ்சின்தான். அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். திண்டுக்கல் பக்கம் இருந்து ஒரு வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் அதை விடுவார்கள். வெளிச்சம் பெரிதாகவே இல்லை. அவன் அதையே லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அந்தப் படம் மட்டும் தவறட்டும், வேறு எதுவும் நான் நினைக்கவில்லை என்று முதல் சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுத்தால் தூக்கம் வர வேண்டுமே. ஆனால் நான் கேமராவைத் திண்டுக்கல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அவன் முகம் முன்னால், அவனுக்குப் பின்னால் வருகிற லைன். அதில் ஒரு வண்டி வந்தால் எங்கே வந்து நிறையும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தேன்.

வண்டி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். நியாஸ் திரும்பவில்லை. முதுகுப் பக்கம் இருந்து வருகிற வண்டி அடுத்த லைனில் போகும், அதில் இருக்கிற யாரோ பிரியப்பட்டுத் தனக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறான். கண்ணைக் கேமராவில் இருந்து எடுக்காமல், சிரித்துக்கொண்டே, இடது கையை உயரத் தூக்கினான். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

அந்த டிரைவர் பிறகு இறங்கி வந்து ஜல்லியில் உட்கார்ந்து அழுததை நீங்களும் பார்த்தீர்கள். இவ்வளவு அடிச்சும் கையக் காட்டுறானே, கையக் காட்டுறானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அக்கா கேட்டை விட்டு வர முடியாமல் போனில்தான் கேட்டாள், சொன்னியாடா என்று. சொன்னேன், அவன் கேட்கவில்லை என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. எச்சரித்தும் கேளாத வாலிபர் என்று பேப்பர்க்காரர்கள் எழுதினார்கள். பள்ளிவாசலில் சௌகத் அலி அத்தா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றார். பிள்ளையை அடக்கி வளர்க்கவில்லை என்று சொந்தக்காரர்களே அவர் காதுபடப் பேசினார்கள்.

நண்பர்கள் எல்லாம் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்கலாம் என்றார்கள். நான்தான் டிசைன் செய்தேன். அவன் முகம் உள்ள படம் வேறு எங்கேயும் இல்லை, என்னிடம்தான் இருந்தது. கை தூக்கிச் சிரிக்கிற படம். பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு நீல வானம் போட்டேன். ஒரு படத்தில் இருந்து ரயிலை நான் வெட்டியது அது ஒரு தடவைதான். எல்லோரும் பையன் உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கிறான் என்றார்கள்.

நேற்று தாஹிரா அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர்கள் அழவில்லை. கஞ்சித் தூக்கை எடுத்து வைத்துக்கொண்டு வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனில் அந்தப் பிளக்ஸ் படம் இருந்தது. அதைக் காட்டி, கடைசியில் பயந்தானா தம்பி என்று கேட்டார்கள். இல்லம்மா, சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான் என்றேன். அது நிஜம். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார்கள்.

பிறகு சொன்னார்கள்: "எனக்கு ஒண்ணுதான் தம்பி வெளங்கல. எம்புள்ள அவுக அத்தா சொன்னாக்கூட எதுத்துப் பேசுவான். நீ சொன்னா மறு பேச்சு பேச மாட்டானே. நீ சொல்லியா கேக்காம நின்னான்?"

அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, மேடம். மகன் கடைசியில் என்னிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டானோ என்று வருத்தப்பட்டுக் கேட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. நான் சொன்னது எதையும் அவன் ஒரு நாளும் தட்டியதில்லை. அவன் நின்ற இடம் சரி, நின்ற விதம் சரி, கை தூக்கியதும் சரி. அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தாஹிரா அம்மாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கூப்பிட நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. வண்டி வளைவைத் தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பெயரை ஒரு தடவை கத்தியிருந்தால் போதும். கத்தியிருந்தால் அவன் திரும்பியிருப்பான், படத்தில் முகம் போய்விட்டிருக்கும்.

வெட்டாத படம் இந்தப் போனில் இருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும். பெரிதாக்கிப் பார்த்தால் எஞ்சின் நம்பரில் இருந்து அவன் கைவிரல் வரைக்கும் ஒரு துளிகூடக் கலங்காமல் இருக்கும். அவன் மேல் எனக்குப் பொறாமை, கோபம் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், மேடம். மனசில் அப்படி ஏதாவது இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். என் கை நடுங்கவே இல்லை.