எல்லார் தோளிலும் எல்லாப் படகும்

நொனோய்! என் நொனோய்! உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஊரைக் கூப்பிடுகிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் எவுசேபியோ அண்ணன் அவர்களே, அருட்தந்தை அவர்களே, வலை பிரித்த கை காயாமல் வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாய்மார்களே, பாலாங்கான் ஊராரே, வணக்கம்!

மூன்றாம் வகுப்போடு நின்றவள் இந்த மிலாகிரிங். மைக்கைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் பேசியாக வேண்டும்.

புயல் நம் வீடுகளைக் கொண்டுபோனது. என் கணவர் நொனோயையும் கொண்டுபோனது. இந்த ஊரை மறுபடி கட்டுவதா, கலைத்துவிட்டு நகரத்துக்குப் பேருந்து ஏறுவதா? இதற்குத்தானே இன்று கை தூக்கப் போகிறோம்? நகரத்தில் அலை வராதுதான். மீன் வருமா? கடலை விட்டால் நமக்குக் கைத்தொழில் ஏது? கட்டுவோம் என்கிறேன் நான்!

அன்று நடந்ததைச் சொல்கிறேன். என்னவர் முதலில் தம் சண்டைச் சேவலைச் சட்டைக்குள் பொத்திக் குன்றின் மேல் தேவாலயத்தில் கொண்டுவந்து விட்டார். "பொண்டாட்டி நடந்து வந்துடுவா, சேவலுக்குத்தான் சளி பிடிக்கும்" என்றார். சிரியுங்கள், நானும் சிரித்தேன். அப்புறம், "படகுக் கட்டு தளந்திருக்கும், இந்தா வந்துடுறேன்டி" என்று தனியே இறங்கினார். படகு தென்னந்தோப்புக்குள் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஊராரே! வீட்டை இடம் மாற்ற நாம் என்ன செய்கிறோம்? அடியில் மூங்கில் கட்டி, கூரையோடு தோளில் தூக்குகிறோம். ஒருவன் வீட்டுக்கு ஊரே தோள் கொடுக்கிறது. படகுக்கு? அவனவன் படகு, அவனவன் பாடு! வீட்டுக்கு வந்த தோள் படகுக்கு ஏன் வரவில்லை? முந்தின நாளே சேர்ந்து படகுகளை மேடேற்றியிருந்தால் அவர் இறங்கியிருப்பாரா?

ஆகவே, வீடு குன்றில் இருக்கட்டும், படகு கரையில் இருக்கட்டும். புயல் என்று ரேடியோ வாய் திறந்தால், எல்லாப் படகும் எல்லார் தோளிலும்!

என்ன பெர்டிங் அண்ணே, "தெனம் ஏறி எறங்குனா முட்டி தேஞ்சிடும்டி"யா? கள்ளுக்கடை குன்றுலதானே இருக்கு? இத்தனை வருஷமா யாரு முட்டியில ஏறுனீங்க?

கைதட்டியது போதும், தோளைக் கொடுங்கள்! புயலுக்குப் பின் கரையில் நான் கட்டிய குடிசைதான் முதலில் குன்றேறும், இன்றே ஏறும். தூக்குகிறவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் இனிப்புச் சோறு வேகிறது. இவ்வளவு நேரம் இந்தப் பேதையின் பேச்சுக்குக் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

நொனோய், குன்றில் இறக்கும்போது வாசலைக் கடலைப் பார்த்து வைக்கட்டுமா?