பாதிக் கரண்ட்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, சார். நாள் முழுக்க நின்றே பழகிய உடம்பு இது. உட்கார்ந்தால்தான் வலி எங்கே இருக்கிறது என்றே தெரிகிறது. மெதுவாகத்தான் சொல்வேன், நீங்களும் மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பட்டறையில் மிஷின்களைப் பழுது பார்க்கிறவன். என் தம்பி அங்கேயே சிஎன்சி ஓட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அலுமினியத் தகட்டை வெட்டுகிற மிஷின். எங்கள் இருவரையும்விட அதற்குத்தான் சர்வீஸ் அதிகம். முதலாளி அதைக் கிழவன் என்பார். வட்டம் வெட்டச் சொன்னால் சில நாள் முட்டை வெட்டிக் கொடுக்கும். அன்றைக்கெல்லாம் அவர் என்னைப் பார்க்கிற பார்வை, ஏதோ நானே கடித்துத் துப்பிய மாதிரி இருக்கும்.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியது நான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அவனுக்குச் செய்துவைத்தேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவன் மகள் காலையில் என் முதுகில் ஏறிக்கொண்டுதான் பல் தேய்க்கவே வருவாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, வேற ஊர்ல ஒரு பெரிய கம்பெனியில கூப்பிடுறாங்க. எல்லாம் புது மிஷினு. வீடும் குடுக்குறாங்க."

"நல்ல விஷயம்தானே. எப்போ போகணும்?"

"அடுத்த மாசம். நாங்க மூணு பேரும்..."

அதற்குப் பிறகு அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. அவன் மனைவிதான் குழம்பை ஊற்றிக்கொண்டே சமாளித்தாள். "மாமாவும் வரட்டும்னு சொன்னேன். ஒரே ரூம்தானாம், மாமா." நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சண்டை போடவில்லை. போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

அந்த வாரம்தான் கிழவன் மறுபடி படுத்தான். மிஷினுடைய தலை, அதாவது வெட்டுகிற கத்தியைப் பிடித்திருக்கும் பாகம், மேலே ஏறப் போய் நடுவில் திக்கித் திக்கி நின்றது. தலையை ஏற்றி இறக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. மோட்டார் போயிருக்கிறதா, அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கிற டிரைவர் பெட்டி போயிருக்கிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். பக்கத்து டிரைவரின் ஒயரைக் கழற்றி இந்த மோட்டாருக்குக் கொடுத்துப் பார்த்தேன். மோட்டார் ஜம்மென்று ஓடியது. அப்படியென்றால் வியாதி டிரைவரில். பெட்டியைத் திறந்தால் கருகல் வாசனை. அந்த மாடல் இப்போது கிடைக்காது. முதலாளி மூக்கால் அழுதுகொண்டே எல்லா டிரைவரையும் புதிதாக வாங்கிக் கொடுத்தார்.

புது டிரைவரில் பக்கவாட்டில் பொடிப் பொடி சுவிட்சுகள் இருக்கும். அதில் ஒன்று, மோட்டார் சும்மா நிற்கும்போது கரண்டைப் பாதியாகக் குறைக்கிற சுவிட்ச். சூடாகாமல் இருக்க நல்லதுதான். ஆனால் தலையைத் தூக்குகிற மோட்டாருக்கு அதைப் போடக் கூடாது. எங்கள் கிழவனின் தலை அம்மிக்கல் கனம். நிற்கும்போதும் முழுக் கரண்ட் இருந்தால்தான் மோட்டார் அதைப் பிடித்து நிறுத்தும்.

நான் அதைப் பாதியில் வைத்தேன்.

வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கத்திக்கு அடியில் ஒரு தெர்மோகோல் துண்டை வைத்துப் பார்த்தேன். தலை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மேசையை லேசாகத் தட்டினேன். சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது. துண்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் தம்பி மனைவி எனக்கென்று முட்டை வைத்திருந்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். மெயினை அணைக்கும் முன் தலைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுப்போம். மெயின் ஓடும்போது கட்டையை யாரும் தேட மாட்டார்கள், மோட்டார் பிடித்துக்கொள்ளும் என்ற தைரியம். தம்பி சாப்பிட்டுவிட்டு வந்ததும், தகட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் லூசாக இருக்கிறது, கொஞ்சம் முடுக்கு என்றேன். அது கத்திக்கு நேர் கீழே இருந்தது.

"பவர் ஆன்ல இருக்காண்ணே?"

"ஆன்லதான்டா இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை, சார். பவர் ஆனில்தான் இருந்தது.

அவன் ஸ்பேனரைப் போட்டு முடுக்கினான். ஒரு முறை கத்தினான், அவ்வளவுதான். மிஷினை ஏற்றி, கையில் துணியைச் சுற்றி, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். அந்த அழுகை நடிப்பு இல்லை. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. பழைய மிஷின் பழி வாங்கிவிட்டது என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அன்றே அதைத் தார்ப்பாய் போட்டு மூடியும் விட்டார். பெரிய கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான்தான் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். சின்ன வயதில் திறந்த மாதிரியே வாயைத் திறப்பான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலை மிஷினை விலைக்கு வாங்க ஆள் வந்ததால் தார்ப்பாயை எடுத்தார்கள். தம்பியும் வந்திருந்தான். இடது கையால் பேனலைத் திறந்து டிரைவர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். அந்தச் சுவிட்சை நான் என்றைக்கோ திருப்பி வைத்திருக்கலாம். கால் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"பாதிக் கரண்ட்ல கெடக்குதுண்ணே."

"ஆமா."

"மறந்துட்டியா?"

கேள்வியோடு பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டான். தலையை ஆட்டியிருந்தால் போதும், சாயங்காலம் வழக்கம்போல அவனுக்குச் சோறு ஊட்டியிருப்பேன். ஆனால் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் ஒரு சுவிட்சை மறந்துவிட்டான் என்று என் தம்பி நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"மறக்கல. வெச்சுப் பாத்தேன். எறங்கும்னு தெரியும்" என்றேன்.

அவன் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. இடது கையாலேயே பேனலை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். ஒரே ஒரு உதவி செய்யுங்கள் சார், என்னைக் கொண்டுபோகும் வழியில் வீட்டுப் பக்கம் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்நேரம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருப்பான். ஒற்றைக் கையால் கயிறு போட அவனுக்கு வராது. நான் பக்கத்தில் இல்லையென்றால் என் தம்பிக்கு ஒரு வேலையும் ஓடாது.