ஆறாவது வளைவு வரை

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் முதல் பெஞ்சில் உட்காருகிறவன் நான். ஜூலை மாதக் கூட்டத்தில் விளையாட்டு டீச்சர் அமுதா பேசியதை நோட்டில் குறித்துக்கொண்டேன். "எத்தனையாவதா வந்தேன்னு கேக்காதீங்க. நல்லா வெளையாடுனியா கண்ணுன்னு கேளுங்க. புள்ளைங்க சிரிச்சுக்கிட்டே ஓடணுமுங்க. சிரிப்பு போச்சுன்னா அன்னைக்கு நிறுத்திருங்க." கடைசி வாக்கியத்தை எழுத அந்தப் பக்கத்தில் இடமில்லை. விட்டுவிட்டேன்.

என் மகள் அபிஷாவுக்குப் பதினோரு வயது. பஸ்ஸைக் கண்டால் அதோடு ஓடுவாள், மழை வந்தால் ஓடுவாள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் அவள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வேண்டியதில்லை. விடுதிக்கான ஓட்டத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் விடிந்ததும் அவளைப் பைக்கில் அடிவாரத்துக்கு அழைத்துப்போவேன். அங்கிருந்து ஆறாவது கொண்டை ஊசி வளைவு வரை ஏறி ஓடுவாள். நான் முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டு, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

நான் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டர், பறிக்கிறவர்களின் கணக்கு எழுதுகிறவன். கூடையில் பச்சைக் காய் கலந்திருந்தால் மொத்தத்தையும் சாக்கில் கொட்டி மறுபடி பொறுக்கச் சொல்வேன். யாரையும் திட்டியதில்லை. அபிஷாவையும் திட்டவில்லை. முகத்தில் சிரிப்பு மறைந்தால், கீழ் வளைவுக்கு இறங்கி மறுபடி ஏறச் சொல்வேன்.

"சிரிச்சுட்டேனுங்கப்பா, பாருங்க" என்று பல்லைக் காட்டுவாள். "ஈறும் தெரியோணுமுங்களா?" என்று ஒருநாள் கேலிகூடச் செய்தாள். அவ்வளவு சிநேகமாக இருந்தோம்.

மூன்றாம் வாரம் நெஞ்சு படபடக்கிறது என்றாள். டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். துடிப்பு சரியில்லை, ஸ்கேன் எடுக்கும் வரை ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சீட்டை என் பைபிளுக்குள் வைத்தேன்.

"என்னங்க சொன்னாரு?" என்று மனைவி ஜெயமேரி கேட்டாள்.

"ரத்தம் கம்மியாம். பேரீச்சம்பழம் குடு."

தேர்வு சனிக்கிழமை. ஸ்கேன் திங்கட்கிழமை. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது வளைவில் அபிஷா நின்றுவிட்டாள். "இன்னைக்கு வேண்டாமுங்கப்பா. நொம்ப அடிக்குதுங்க." அதைச் சிரிக்காமல் சொன்னாள். வழக்கப்படி நான்காவது வளைவுக்கு இறங்கச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு வளைவுதான் சாமி."

இறங்கினாள். மறுபடி ஏறினாள். ஆறாவது வளைவில் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பிறகு சாலை மட்டும் தெரிந்தது.

ஜெயமேரி பைபிளைத் திறந்த நாளிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பைக்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் ஓட்ட முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஓட வைத்தேன். என் மகளின் சாவுக்கு நான்தான் காரணம். ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: விழும்போதும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. மற்ற பெற்றோர்கள் விட்டுவிடுகிறார்கள்; அவளுக்கு ஓட்டம் கசந்துபோக நான் விடவில்லை.